என் தங்கச்சியின் அப்பா

எனக்கு ஆறு வயதாக இருந்தபோது அப்பா கடலுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. எனக்குப் பதினொரு வயதானபோது அம்மா மறுமணம் செய்தா. அம்மா கலியாணம் முடித்த மனிதர் எங்களோடு பதினெட்டு வருடங்கள் வாழ்ந்து, போன வருடம் தை மாதத்தில் மன்னார் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அவரைப் பற்றித் தோட்டவெளியில் யாரிடம் கேட்டாலும், நல்ல மனுசன், சத்தமில்லாத ஆள் என்பார்கள். அதற்குமேல் சொல்ல அவர்களிடம் ஒன்றும் இருக்காது. என்னிடம் கொஞ்சம் இருக்கிறது.

முதலில் அப்பாவின் கதையைச் சொல்லவேண்டும். அது இல்லாமல் மற்றது விளங்காது. அப்பாவும் இன்னொருவரும் ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போனார்கள். வாடைக்காற்றுக் காலம். மூன்றாம் நாள் கூடப்போனவரின் உடல் பேசாலைக் கரையில் ஒதுங்கியது. அப்பாவின் உடலும் வரவில்லை, வள்ளத்தின் ஒரு பலகையும் வரவில்லை. அப்பாவின் அக்கா, எனக்கு மாமி, அடுத்த வளவில் இருந்தா. மாமிக்குப் பிள்ளைகள் இல்லை. தாய் போனபிறகு அப்பாவைத் தூக்கி வளர்த்தவ அவதான். தம்பி சாகவில்லை, காற்று அவனை இந்தியக் கரைக்குக் கொண்டுபோய் விட்டிருக்கும், அங்கே எங்கேயோ மறியல் சிறையிலோ ஆஸ்பத்திரியிலோ இருக்கிறான் என்று மாமி சொன்னா. அப்படிப் போய்ச் சேர்ந்து வருடங்கள் கழித்துத் திரும்பிய ஆட்கள் எங்கள் பக்கத்தில் இருந்தார்கள்தான். அதனால் மாமி சொன்னதை ஒருவராலும் பொய் என்று மறுக்க முடியவில்லை. நான் அதை நம்பி வளர்ந்தேன்.

அம்மா நம்பினாவா என்று எனக்குத் தெரியாது. அம்மாவுக்கு மரண அத்தாட்சிப் பத்திரம் தேவைப்பட்டது. உடல் இல்லாத சாவுக்கு அது லேசில் கிடைக்காது. கிராம சேவகரிடமும் மாவட்டக் கச்சேரிக்கும் பொலிசுக்கும் திரும்பவும் கச்சேரிக்குமாக அம்மா நாலு வருடங்கள் அலைந்தா. அப்படி அலைந்தபோது ஏறிய பஸ்ஸின் ட்ரைவர்தான் அவர். தலைமன்னாரிலிருந்து மன்னாருக்கு ஓடும் ஒரு மினி பஸ். அவருக்கு ஊர் உயிலங்குளம், வயல்காரக் குடும்பம், கலியாணம் முடிக்காமல் நாற்பதை நெருங்கியிருந்தார்.

இதை அம்மா எனக்குப் பிற்காலத்தில்தான் சொன்னா. பின்னேரம் திரும்பி வரும்போது அம்மா முன் கதவால் ஏறினால், அவர் கண்ணாடியைப் பார்த்தபடியே, "அலுவல் முடிஞ்சுதோ?" என்று கேட்பாராம். இல்லை என்று அம்மா சொன்னால் தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுப்பாராம். வேறு ஒரு கதையும் இல்லை. ஒன்றரை வருடங்கள் இது நடந்தது. ஒரு நாள் அம்மா ஓம், முடிஞ்சுது என்று சொன்னா. அன்றைக்கும் தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உயிலங்குளத்திலிருந்து தமையனைக் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் தேவாலயத்துப் பங்குச் சுவாமியைச் சந்தித்து, இன்ன பெண்ணை முடிக்க விருப்பம், அவவுக்கும் விருப்பமோ என்று கேட்டுச் சொல்லுங்கோ என்றாராம். அம்மா யோசிக்க ஆறு மாதம் எடுத்தா. அந்த ஆறு மாதமும் அம்மா பஸ்ஸில் ஏறும்போது அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

கலியாணம் கோயிலில் காலைப் பூசைக்குப் பிறகு பத்துப் பேரோடு நடந்தது. மாமி வரவில்லை. உயிரோடு இருக்கிறவனின் பெண்சாதிக்கு என்ன கலியாணம் என்று வேலிக்கு அந்தப் பக்கத்தில் நின்று சொன்னா. நான் மாமியின் பக்கம். எங்கள் வழக்கப்படி அவர் அம்மாவின் வீட்டுக்குத்தான் வந்தார். ஒரு சூட்கேஸ், ஒரு மூட்டை அரிசி. வந்த முதல் நாள் விறாந்தையில் மாட்டியிருந்த அப்பாவின் படத்தை அம்மா கழற்றப் போனா. அவர், "அது அங்கேயே இருக்கட்டும்" என்றார். அந்த வீட்டில் அவர் சொன்னதாக எனக்கு ஞாபகமிருக்கும் முதல் வார்த்தை அது.

நான் அவரை ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை. அப்பா என்று கூப்பிடு என்று அம்மா ஒரு தடவை சொன்னா. அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும்போது சோற்றுக் கோப்பையைச் சத்தம் வர வைப்பேன். அதுதான் கூப்பாடு. அப்பா வந்ததும் இவர் போக வேண்டிவரும் என்று நான் மனதுக்குள் வைத்திருந்தேன். தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஆளிடம் அதிகம் கதைக்கத் தேவையில்லை.

ஆறாம் வகுப்புக்கு நான் மன்னார் ரவுணில் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். தோட்டவெளிச் சந்தியில் அவருடைய பஸ் ஆறே முக்காலுக்கு வரும். அடுத்தது ஏழேகாலுக்கு. ஏழேகால் பஸ்ஸில் போனால் முதல் மணி அடித்துவிடும். ஆனாலும் நான் அவருடைய பஸ்ஸில் ஏறமாட்டேன். பஸ் வருவதைக் கண்டதும் வேப்பமரத்துக்குப் பின்னால் போய் நிற்பேன். அவர் பஸ்ஸை நிறுத்துவார், கொண்டக்டர் மன்னார் மன்னார் என்று கத்துவான், மற்றப் பிள்ளைகள் ஏறுவார்கள், பஸ் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகும். பிந்தி வந்ததற்காக இரண்டு கிழமை வகுப்புக்கு வெளியே நின்றேன். மூன்றாவது கிழமை ஆறே முக்காலுக்கு வேறொரு பஸ் வந்தது. அதற்குப் பிறகு எப்போதும் அந்த பஸ்தான் வந்தது. நான் காரணம் யோசிக்கவில்லை. எனக்கு அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

அந்த வேறு பஸ்ஸின் ட்ரைவர் பேசாலைக்காரர். நான் வேலை கிடைத்து ரவுணுக்குப் போய்வரத் தொடங்கிய காலத்தில், முன் சீற்றில் இருந்த என்னிடம் அவராகவே சொன்னார்: "பிள்ளை, உமக்காகத்தான் அந்தாள் என்னோட முறை மாத்தினது. என்ர பிள்ளைக்கு உங்கட பஸ்தான் வசதி எண்டு சொன்னவர். ஏனெண்டு சொல்லேல்லை, நானும் கேக்கேல்லை." முறை மாற்றியதால் அவருக்குக் கடைசி ஓட்டமும் பிந்தியது, மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்கு என்றாகியது. ஏழு வருடங்கள் அவர் மூன்று மணிக்குச் சாப்பிட்டார். வீட்டில் அவர் ஏன் இவ்வளவு பிந்திச் சாப்பிடுகிறார் என்று நான் நினைத்ததேயில்லை.

எனக்குப் பன்னிரண்டு வயதில் தங்கச்சி பிறந்தாள். அவள் பிறந்ததற்குப் பிறகு அம்மாவின் கைவிரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கின. வாதம். குளிசை தந்தார்கள், ஊசி போட்டார்கள், காலையில் எழும்பினால் அம்மாவால் கையைப் பொத்த முடியாது. அவர் ஒவ்வொரு வேலையாக எடுத்துக்கொண்டார். முதலில் தேங்காய் திருவுவது, பிறகு தண்ணீர் அள்ளுவது, பிறகு உடுப்புத் தோய்ப்பது. கடைசியாக அம்மாவின் தலைமயிர். அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே வரும் தலைமயிர். வெட்டிவிடுவோம் என்று அம்மா சொன்னபோது அவர் சீப்பை எடுத்துக்கொண்டு வந்து, அம்மாவைக் கதிரையில் இருத்தி, தானே பின்னிப் பார்த்தார். முதல் நாள் அது பின்னலாகவே இருக்கவில்லை. ஒரு மாதத்தில் நேரான பின்னல் வந்தது. வேலைக்குப் போகும் முன் ஒவ்வொரு காலையும் அதைச் செய்தார்.

எங்கள் ஊரில் ஆம்பிளைகள் வலை பொத்துவார்கள், கயிறு முறுக்குவார்கள், தலை பின்னமாட்டார்கள். வேலிக்கு மேலால் பார்த்தவர்கள் வயல்காரன் வைக்கோல் பிரி திரிக்கிறான் என்று சிரித்தார்கள். அவரும் சிரித்தார், கையை நிறுத்தவில்லை. தங்கச்சி பாலர் வகுப்புக்குப் போனபோது அவளுக்கும் அவர்தான் இரண்டு பின்னல் பின்னி றிபன் கட்டினார். நான் என் பின்னலை நானே கோணலாகப் பின்னிக்கொண்டு போனேன்.

தங்கச்சி வந்ததால் எனக்கு ஒரு வசதி கிடைத்தது. அவரை ஏதாவது கேட்கவேண்டி வந்தால் அவளிடம் சொல்வேன்: "அப்பாட்டக் கேள், சாப்பிட வாறாரோ எண்டு." அவர் பக்கத்திலேயே இருப்பார். அவரும் அவளைப் பார்த்து, "வாறன் எண்டு சொல்லம்மா" என்பார்.

எனக்குப் பதினேழு வயதாக இருந்தபோதுதான் அந்தப் படம் வந்தது. சண்டைக் காலத்தில் இந்தியாவுக்குப் போய் மண்டபம் அகதி முகாமிலிருந்த மாமியின் சிநேகிதி ஒருத்தி போனில் அனுப்பியிருந்தா. இராமநாதபுரம் பக்கத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு இல்லத்தில் ஞாபகம் தப்பிய ஒரு மனிதர் பத்து வருடங்களாக இருக்கிறார், கடற்கரையில் கண்டெடுத்த ஆள், ஊர் பெயர் சொல்லத் தெரியாது, இலங்கை ஆளாக இருக்கலாம் என்று செய்தி. படத்தில் தாடியும் நரைமயிருமாக ஒரு முகம். மாமி போனைத் தூக்கிக்கொண்டு ஆறு வருடங்களாக மிதிக்காத எங்கள் முற்றத்துக்கு ஓடிவந்தா. எல்லாரும் பார்த்தோம். நெற்றி அப்பாவின் நெற்றி போல இருந்தது. கண் அப்படியில்லை போல இருந்தது. அம்மா நெடுநேரம் பார்த்துவிட்டு, தெரியேல்லை என்று சொன்னா. அவர் கடைசியாக வாங்கிப் பார்த்தார். அவர் அப்பாவைக் கண்டதில்லை. விறாந்தைப் படத்துக்கு முன்னால் போய் நின்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

பிறகு அம்மாவிடம், "போய்ப் பாக்கட்டோ?" என்று கேட்டார்.

நீங்கள் ஏன் போகவேணும், வேறை ஆராவது போகட்டும் என்று அம்மா சொன்னா.

"ஆரும் போய்ப் பாத்து வந்து சொன்னா இஞ்ச ஒருத்தரும் நம்பமாட்டினம்" என்றார் அவர். "அக்காவும் வரவேணும்."

அக்கா என்றது மாமியை. ஆறு வருடங்களில் மாமி அவரோடு ஒரு சொல் கதைத்ததில்லை. தலைமன்னாரிலிருந்து இந்தியக் கரை கூப்பிடு தூரம் என்று சொல்வார்கள். ஆனால் அங்கே போக அவர்கள் இரண்டு பேரும் பாஸ்போட் எடுத்து, விசா எடுத்து, கொழும்புக்கு பஸ்ஸில் போய், அங்கிருந்து திருச்சிக்கு விமானம் ஏறி, திரும்பவும் பஸ்ஸில் கடற்கரைக்கு வரவேண்டியிருந்தது. அந்த ஆயத்தங்களுக்கு மூன்று மாதம் எடுத்தது. எல்லாவற்றையும் அவர்தான் செய்தார். மாமியை இரண்டு தரம் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போய்வந்தார். போகும்போதும் வரும்போதும் அவர் முன் சீற்றில், மாமி பின் சீற்றில்.

அந்த மூன்று மாதமும் நான் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினேன். அது அப்பாவாக இருக்கவேண்டும் என்று மட்டும் கேட்டேன். அவர்கள் புறப்பட்ட காலையில் அவர் அம்மாவுக்குத் தலை பின்னி முடித்துவிட்டு, விறாந்தைப் படியில் இருந்து சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார். தங்கச்சி அவருடைய முதுகில் தொங்கிக்கொண்டு, இந்தியாவிலிருந்து என்ன வாங்கிவருவீர்கள் என்று கேட்டாள். என்ன வேணும் என்று கேட்டார். வளையல் என்றாள். அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. அப்பா வந்தால் இவர் போவார். போனால் இவள் யாருடைய முதுகில் தொங்குவாள்? இத்தனை வருடங்களாக நான் ஒரு பக்கத்தை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்று கோயிலுக்குப் போனேன், என்ன கேட்பது என்று தெரியாமல் முழந்தாளில் நின்றுவிட்டு வந்தேன்.

அங்கே என்ன நடந்தது என்பதை மாமிதான் சொன்னா. அவர் சொல்லவில்லை. ஒரு தடவை அல்ல, மாமி பல தடவை சொல்லியிருக்கிறா, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி. இல்லத்தின் பின் விறாந்தையில் அந்த மனிதரை ஒரு மர வாங்கில் இருத்தியிருந்தார்கள். மாமியைக் கண்டதும் அந்த ஆள் எழும்பி, "அக்கா, வந்திட்டியா?" என்றாராம். மாமி அவரைக் கட்டிப்பிடித்து அழுதிருக்கிறா. அந்த ஆள் எல்லாப் பெண்களையும் அப்படித்தான் கூப்பிடுவார் என்று ஒரு சிஸ்டர் பிறகு சொன்னாவாம்.

என் அப்பாவுக்கு இடதுகை மோதிரவிரலின் நுனி இல்லை. நான் பிறக்கும் முன்பே நங்கூரக் கயிறு இறுகித் துண்டாகிப்போனது. மாமிக்கு அது தெரியும். அம்மா சொல்லி இவருக்கும் தெரியும். போனில் ஒரு சொல்லுக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், கேட்கத்தான் ஒருவரும் துணியவில்லை. மாமியின் தோளைப் பிடித்திருந்த அந்த மனிதரின் இடதுகையில் ஐந்து விரலும் முழுதாக இருந்தன.

"நான் கட்டிப்பிடிக்க முன்னமே கையைப் பாத்திட்டன்" என்று மாமி என்னிடம் சொன்னா. "அவரும் பாத்திட்டார். பாத்திட்டு வாசலிலேயே நிண்டார். நான் அழுது முடிச்சு, நானே வாய் திறந்து சொல்லுமட்டும் அவர் ஒரு சொல்லுச் சொல்லேல்லை. ஒரு மணித்தியாலம் இருக்கும், பிள்ளை."

கடைசியில் மாமி, "தம்பி, இவன் இல்லை" என்று சொன்னா. அவரை மாமி தம்பி என்று கூப்பிட்டது அப்போதுதான் முதல் தடவை.

உடனே திரும்பியிருக்கலாம். அந்த மனிதர் மாமியின் கையை விடவில்லை. அதனால் பின்னேரம்வரை இருந்தார்கள். இவர் கடைக்குப் போய் ஒரு சாரமும் சேட்டும் சவர அலகும் வாங்கிவந்து, அந்த ஆளுக்கு முகம் வழித்து, நகம் வெட்டி, குளிக்க வார்த்து, புதுச் சாரம் கட்டிவிட்டார். மத்தியானச் சோற்றைப் பிசைந்து கொடுத்தார். அந்த ஆள் கேரளப் பக்கத்துக் கடற்காரராக இருக்கவேண்டும் என்று சிஸ்டர்மாருக்குச் சொன்னார். கதைத்த இரண்டொரு சொல் இல்லத்தில் பழகிய தமிழாக இருக்கலாம், ஆனால் குளிக்க வார்க்கும்போது அந்த ஆள் முணுமுணுத்த ஜெபம் தமிழில்லை, கேரளத்து யாத்திரிகர்களை ஒருமுறை பஸ்ஸில் ஏற்றியபோது கேட்ட பாஷை போல இருந்தது என்றாராம். பத்து வருடத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அந்த வழியில் தேடி, அடுத்த வருடம் அந்த மனிதரின் வீட்டாரைக் கண்டுபிடித்தார்கள் என்று சிநேகிதி மூலம் செய்தி வந்தது. அதைக் கேட்டு மாமிதான் அதிகம் சந்தோசப்பட்டா.

அவர்கள் திரும்பி வந்த அன்று மன்னார் பஸ் நிலையத்தில் நானும் அம்மாவும் தங்கச்சியும் நின்றோம். மாமி இறங்கி வந்து அம்மாவின் தோளில் சாய்ந்தா. அவர் பின்னால் பைகளோடு இறங்கி, "அவர் இல்லை" என்று சொன்னார். தங்கச்சிக்கு ஒரு டசின் கண்ணாடி வளையல், எனக்கும் ஒரு டசின்.

நாலைந்து நாட்களுக்குப் பிறகு ஒரு காலையில் அவர் அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். நான் வாசற்படியில் இருந்து புத்தகம் வைத்துக்கொண்டிருந்தேன். தங்கச்சி பக்கத்தில் இல்லை. அவரை நேரே பார்த்து நான் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"அது அப்பாவா இருந்திருந்தா என்ன செய்திருப்பீங்கள்?"

சீப்பு ஒரு தரம் கீழே வந்து முடிந்தது. "கூட்டிக்கொண்டு வந்திருப்பன்" என்றார்.

"பிறகு?"

"அவருக்குச் சுகமில்லைத்தானே. ஆரும் பாக்கவேணும்." சீப்பில் சிக்கிய மயிரை எடுத்தார். "மற்றதை அதுக்குப் பிறகு யோசிச்சிருப்பம்."

அம்மாவின் கண்ணால் நீர் ஓடியது. வாதக்காரக் கையால் துடைக்க முடியாமல் தோளைத் தூக்கித் துடைத்தா. நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த மாதமே மாமி வந்து அவரிடம், கடலோடு போன தம்பிக்குச் சேமக்காலையில் ஒரு சிலுவை நடவேணும் என்று கேட்டா. பதினொரு வருடங்களாக அதற்கு விடாமல் தடுத்தவ அவதான். அவர் சீமெந்தில் ஒரு சிலுவை வார்ப்பித்து, அப்பாவின் பெயரையும் பிறந்த திகதியையும் எழுதுவித்தார். இறந்த திகதிக்குப் பதிலாகக் 'கடலில்' என்று எழுதட்டோ என்று மாமியைக் கேட்டார். அவ ஓம் என்றா. ஒவ்வொரு வருடமும் ஆத்துமாக்கள் திருநாளுக்கு முன் அந்தச் சிலுவைக்கு வெள்ளையடிப்பதும் அவர் வேலையாகியது. மாமியின் வீட்டிலிருந்து கிழமைக்கு இரண்டு நாள் மீன் வரத் தொடங்கியது. வயல்காரனுக்கு மீன் பார்க்கத் தெரியாது, பழுதானதை வாங்கிப்போடுவான் என்று சொல்லிக்கொண்டு கொண்டுவருவா.

எனக்கு மன்னாரில் ஒரு கந்தோரில் கிளாக் வேலை கிடைத்தது. பிறகு கலியாணம். கோயிலில் கலியாண அறிவித்தலாக ஓலை வாசித்தபோது, காலஞ்சென்ற இன்னாரின் மகள் என்று அப்பாவின் பெயரைத்தான் சுவாமி வாசித்தார். அப்படி வாசிக்கச் சொல்லிப் போய்ச் சொன்னவர் இவர் என்று பிறகு தெரிந்தது. பீடத்துக்கு என்னை மாமி கூட்டிக்கொண்டு போகட்டும் என்றும் சொல்லியிருந்தார். கலியாணத்தன்று காலையில் அவர் பின் வரிசையில் நின்றதைக் கண்டு, நீங்களும் வாங்கோ என்று கூப்பிட்டேன். வந்தார். மாமி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். பஸ் ஓட்டி ஓட்டி அவருக்கு நடை கொஞ்சம் வளைவு; வெள்ளை வேட்டியில் அது கூடுதலாகத் தெரிந்தது.

பஸ் முதலாளி பஸ்ஸை விற்றபிறகு ஒரு பள்ளிக்கூட வான் ஓட்டினார். எனக்கு மகன் பிறந்து கதைக்கத் தொடங்கியதும் நானும் அவனோடு சேர்ந்து தாத்தா என்று சொல்லப் பழகினேன். தங்கச்சியின் அப்பா, என் பிள்ளையின் தாத்தா. அவரை நான் அப்பா என்று நேரே கூப்பிட்டதில்லை. அவர் அதை எதிர்பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டார்.

போன வருடம் தை மாதம் ஒரு காலையில் முற்றத்தில் விழுந்தார். பாரிசவாதம். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சுப் போய்விட்டது. வார்ட்டுக்கு வந்த இளம் டொக்டர் எங்களிடம், இவர் வழமையாக எவ்வளவு கதைப்பார் என்று கேட்டார். நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். தங்கச்சிக்குச் சிரிப்பு வந்து, அது அழுகையாகி, வெளியே போய்விட்டாள். தாதி ஒரு படிவம் நிரப்பினா. நீங்கள் நோயாளிக்கு என்ன முறை என்று கேட்டா. மகள் என்றேன். மற்றவவும் மகளா என்று கேட்டா. ஓம், இரண்டு பேர் என்றேன். அவர் கண்ணை மூடிக் கிடந்தார். கேட்டிருக்கலாம், கேட்காமலும் இருந்திருக்கலாம்.

பதினொரு நாள் இருந்தார். மாமிக்கு அறுபத்தைந்து வயது, முழங்கால் ஏலாது. ஒவ்வொரு நாளும் தோட்டவெளியிலிருந்து பஸ் ஏறிக் கஞ்சியோடு வந்தா. கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கிக்கொண்டு, ஊர்ப் புதினம் எல்லாம் சொல்லுவா. பதினோராம் நாள் விடியப்புறம் அம்மா பக்கத்தில் இருக்கும்போது மூச்சு நின்றது.

உயிலங்குளத்திலிருந்து தமையனும் அவருடைய பிள்ளைகளும் வந்தார்கள். தாய் தகப்பன் கிடக்கும் இடத்துக்குக் கொண்டுபோக அவர்களுக்கு விருப்பம். நியாயமான விருப்பந்தான். தமையன் மரியாதையாக அம்மாவைக் கேட்டார். நான் ஏதோ சொல்ல வாயெடுக்கும்போது மாமி கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினா.

"எனக்கு இரண்டு தம்பிமார். ஒருத்தனைக் கடல் எடுத்திட்டுது, ஒரு எலும்பும் தரேல்லை" என்றா. "இவரையாவது எனக்குக் கிட்ட விடுங்கோ."

தமையன், சரி அக்கா என்றார். பின்னேரம் தோட்டவெளிச் சேமக்காலையில், அப்பாவின் சிலுவைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். பள்ளிக்கூட வானில் வரும் பிள்ளைகள் சீருடையோடு வந்து நின்றார்கள். பேசாலை ட்ரைவர் பஸ்ஸைச் சந்தியில் நிறுத்திவிட்டு, ஏறியிருந்தவர்களிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு வந்து மண் போட்டார்.

முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு அம்மா உயிலங்குளம் போகவேண்டும் என்று சொன்னா. கலியாணம் முடித்த புதிதில் ஒரு தரம் போனதுதான். நானும் அம்மாவும் தங்கச்சியும் மகனும் போனோம். அறுவடை தொடங்கியிருந்தது. தமையன் வீட்டு முற்றத்தில் நெல் காய்ந்தது. அவர் எங்களைக் குளக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், அவர்களுடைய வயலையும் தம்பி எட்டாம் வகுப்புவரை படித்த பள்ளிக்கூடத்தையும் காட்டினார். காட்டிக்கொண்டு நடக்கும்போது, சின்ன வயதில் அவனோடு ஒரு வேலையும் செய்ய முடியாது, வாய் ஓயாது என்றார்.

ஆரைச் சொல்லுறீங்கள் என்று தங்கச்சி கேட்டாள்.

"உன்ர கொப்பனைத்தான். அவனுக்கு ஊரில பட்டம் றேடியோ. வாத்தியார் வாய் மூட ஏலாதெண்டு வெளியில விட்டிடுவார். வெளியில நிண்டு மாட்டோட கதைப்பான்."

நாங்கள் நின்றுவிட்டோம். அம்மா அவர் முகத்தைப் பார்த்தா, பகிடி விடுகிறாரோ என்று. அவர் பகிடி விடவில்லை. எப்போது மாறினார், ஏன் என்று நான் கேட்டேன். தமையன் நடந்துகொண்டே யோசித்தார். ரவுணுக்கு வேலைக்குப் போனவன், வந்துபோகும்போது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைந்திருந்தான், நாங்கள் கவனிக்கவில்லை, ஒரு நாள் பார்த்தால் றேடியோ நின்றுபோயிருந்தது என்றார். அதற்குக் காரணம் என்று ஒன்றும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

அப்படி என்னதான் கதைப்பார் என்று அம்மா கேட்டா. குளக்கட்டில் ஒரு மரநிழலில் இருந்துகொண்டு தமையன் சொல்லத் தொடங்கினார். கொக்குகளுக்குப் பெயர் வைத்தது, சுவாமியாரின் பிரசங்கத்தை மாட்டுக்கு முன்னால் நின்று சொல்லிக்காட்டியது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் யானை நிற்கிறது என்று பொய் சொல்லி ஊரையே ஓடவைத்தது. அம்மா அந்த ஒரு மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தா. ஒன்று முடிந்ததும் இன்னொன்று சொல்லச் சொன்னா. நாங்கள் திரும்ப நினைத்திருந்த நாலு மணி பஸ் வீதியால் போவது குளக்கட்டிலிருந்து தெரிந்தது. அம்மா அதைப் பார்த்தா, எழும்பவில்லை. நாங்கள் ஆறு மணி பஸ்ஸில் வந்தோம்.